பெருங்காயச் சண்டை

பள்ளிக்கூடம் விடுவது ஒன்றேகாலுக்கு. ஆனால் பன்னிரண்டரைக்கே போய் வேனை நிறுத்தினால்தான் வாசலை ஒட்டிய அங்சானா மரத்தின் நிழல் கிடைக்கும். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் லோகேஸ்வரன் தன் மகளுக்குக் கடிதம் எழுதினார். ஸ்டியரிங்கின் மேல் ஒரு அட்டை, அட்டையின் மேல் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம். எழுதி முடித்ததும் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அவர் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். மகள் காமினி டாக்டர். பினாங்கில் பயிற்சியை முடித்ததும் அரசாங்கத்தில் அவளை இரண்டு வருஷத்துக்குக் கடல் தாண்டிச் சபாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன மாவட்ட ஆஸ்பத்திரி. அவள் தங்கியிருந்த குவார்ட்டர்ஸில் போன் லைன் சரியாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி கார் பார்க்கிங் வரைக்கும் ஏறிப் போய்த்தான் வீட்டுக்குப் பேசுவாள்.

"மெசேஜ் போடலாமேப்பா, சிக்னல் வரும்போது போய்ச் சேந்துரும்" என்று மகன் குகன் சொல்லிப் பார்த்தான். அவன் புக்கிட் தெங்காவில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன்.

"மெசேஜ தட்டித் தட்டி எவன்லா பேசுவான்? கடுதாசின்னா உக்காந்து பேசுற மாதிரி" என்றார் லோகேஸ்வரன்.

டத்தோ கிராமாட்டில் இருந்த அவர்கள் ஃபிளாட்டில் அந்தத் தாள் சாப்பாட்டு மேசைக்கு வரும். அதன் அடியில் அம்மா வள்ளிநாயகி நாலு வரி எழுதுவாள். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள், ஊசியை வாயில் கவ்விக்கொண்டே எழுதிவிடுவாள். கடைசியில், இடம் இருந்தால், குகன் ஒரு வரி.

முதல் கடிதங்களில் ஒன்று இப்படி இருந்தது:

'அன்பு மகள் காமினிக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம். நீ சாப்பிட்டாயா? நேற்று ஸ்டாண்டர்ட் டூ பிள்ளை ஒன்று பையில் ஆமைக்குட்டியைக் கொண்டுவந்துவிட்டது. இறங்கும்போது ஆமையைக் காணோம். பிள்ளை ஓ என்று அழுகிறது. சீட்டை எல்லாம் தூக்கித் தேடினேன். கடைசியில் என் மழைக்கோட்டுக்குள் படுத்திருந்தது. கதவைத் திறந்தால் ஓடிவிடும் என்று பயந்தேன். ஆமை எங்கே ஓடும் என்று உன் அம்மா சிரிக்கிறாள்.'

கீழே அம்மா: 'ஆமைக் கதையை மார்க்கெட் வரைக்கும் சொல்லி முடிச்சிட்டாரு. நீ தூங்குறியா இல்லையா? முடி கொட்டுதுன்னு சொன்னியே, எண்ணெய் அனுப்பியிருக்கேன்.'

அதற்கும் கீழே குகன்: 'அக்கா, ஆமை பொய் லா. நத்தை.'

காமினி இந்தக் கடிதங்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பாள். படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பாள். அந்த ஊரில் தமிழில் பேச அவளுக்கு யாரும் இல்லை.

ஆறேழு மாதம் போனபிறகு வீட்டில் ஒரு சண்டை ஆரம்பித்தது. கடிதங்களில் அது தொடர்கதையாக வந்தது.

'உன் அம்மா இப்போது ரசத்துக்குப் பெருங்காயம் போடுவதில்லை. சிக்கனம் போலிருக்கிறது.'

கீழே அம்மா: 'பொய். போட்டேன். எப்பவும் போடுற அளவு.'

அடுத்த கடிதத்தில்: 'நேற்றும் போடவில்லை. கேட்டால் கோபம்.'

'ரெண்டு பங்கு போட்டேன் காமினி. குகன் தும்முனான். இவருக்கு என்மேல குத்தம் சொல்லணும், அவ்வளவுதான்.'

'நான் சாட்சி. வீடே நாறிச்சு' என்று குகன்.

பிறகு லோகேஸ்வரனுக்கு வலது தோள் வலித்தது. பக்கத்துக் கிளினிக்கில் தோள் இறுகிப்போயிருக்கிறது என்று தைலம் கொடுத்தார்களாம். அதற்கும் பிறகு அம்மா எழுதினாள்: 'உங்கப்பா தூக்கத்துல என்னை ஃபுட்பால் மாதிரி உதைக்கிறாரு. யாரையோ விரட்டுறாரு, கத்துறாரு. நான் தரையில படுத்துக்குறேன்.' அதற்கு அப்பாவின் பதில், ஓரத்தில் பொடி எழுத்தில்: 'கனவில் நாய் துரத்தினால் நான் என்ன செய்வது?'

எல்லாவற்றையும் படித்துக் காமினி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மாவ மன்னிச்சிருங்கப்பா, இங்கிருந்து நான் பெருங்காயம் அனுப்புறேன்" என்று கேலியும் செய்தாள். கடிதங்கள் நீளமாகிக்கொண்டே போவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். முன்பெல்லாம் ஒரு தாளில் ஆமைக் கதை ஒன்றுதான் கொள்ளும். இப்போது அதே தாளில் மூன்று கதை இருந்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, பெரிய மழையில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்து, மேசை மேல் இருந்த கடிதக் கோப்பு நனைந்துவிட்டது. காமினி பதறிப்போய்த் துணி காயப்போடும் கம்பியை அறைக்குள் இழுத்துவந்தாள். கோப்பில் இருந்த வரிசையிலேயே ஒவ்வொரு தாளாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். முதல் கடிதம் இடது ஓரம், போன வாரக் கடிதம் வலது ஓரம். முப்பத்தோரு தாள்கள். காற்றாடியைத் திருப்பி வைக்க நாலடி பின்னால் நகர்ந்து திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

இடது ஓரத்தில் அப்பாவின் எழுத்து கோட்டுக்குக் கோடு நிரம்பி, 'ழ'வின் வால் கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கியிருந்தது. நடுவில் எழுத்து கோட்டின் பாதி உயரம். வலது ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி. அதிலும் ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது கொஞ்சம் பெரிதாக இருந்து, போகப் போகச் சுருங்கி, வரியின் முடிவில் வெறும் புள்ளிகளாகிவிட்டிருந்தது. கடிதங்கள் நீளமாகவில்லை. எழுத்துதான் சின்னதாகியிருந்தது.

வாசனை தெரியாமல் போவது. தூக்கத்தில் உதைப்பது. இறுகிய தோள். சுருங்கும் எழுத்து. இதே நாலையும் வேறு யாராவது அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாள். காமினி தரையில் உட்கார்ந்தாள். கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கார் பார்க்கிங்குக்கு ஏறிப் போய்க் குகனைக் கூப்பிட்டாள்.

"குகா, அப்பா நடக்குறத வீடியோ எடுத்து அனுப்பு. பின்னாலேருந்து. அவருக்குத் தெரியாம."

"ஏன்க்கா?"

"சும்மா எடுடா."

அன்று சாயங்காலம் வீடியோ வந்தது. வேனைப் பூட்டிவிட்டு அப்பா மாடிப்படிக்கு நடந்து வருகிறார். இடது கை வீசி வருகிறது. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு, முழங்கை லேசாக மடங்கி, அசையாமல் கூடவே வருகிறது. காமினி அதை எட்டு தடவை பார்த்தாள். மறுநாள் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தாள்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு அப்பாவே ஸ்கூல் வேனை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "டாக்டர் வந்தாச்சு! இளைச்சிட்டியேலா" என்று சிரித்தார். வாய் சிரித்தது, முகத்தின் மற்ற பகுதிக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் காமினி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சூலியா தெருவில் நிறுத்தி அவளுக்குப் பிடித்த ரொட்டி சானாய் வாங்கினார். பொட்டலத்தின் ரப்பர் பேண்டைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை. நீட்டினால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா ரசம் வைத்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு மகளைப் பார்த்தார். "நீயே சொல்லு. இதுல பெருங்காயம் இருக்கா?"

இருந்தது. தாராளமாகவே இருந்தது.

காமினி எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்துவந்தாள். "அப்பா, கண்ண மூடுங்க. இது என்னன்னு சொல்லுங்க" என்று மூடியைத் திறந்து மூக்கின் அடியில் பிடித்தாள்.

லோகேஸ்வரன் மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். "என்ன, காலி டப்பாவா?"

"இன்னும் நல்லா இழுங்க."

"ஒண்ணும் இல்லியே மா." கண்ணைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார். அதிலிருந்த பெருங்காயத் தூளைப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார்.

வள்ளிநாயகி கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "நிசமாவே தெரியலியா? நான் நெனச்சேன், இந்த மனுசன் வேணும்னே..." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இத்தனை மாசமா சண்ட போட்டுட்டேனே."

லோகேஸ்வரன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீ என்னப் பாக்க வந்தியா, இல்ல செக் பண்ண வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்பா." அவள் கடிதங்களைப் பையிலிருந்து எடுத்து முதலையும் கடைசியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பார்க்கின்சன் என்று பெயர். மூளையில் ஒரு சுரப்பு குறைந்துபோவதால் அசைவுகள் மெதுவாகி, சுருங்கிப்போகிற நோய். ஆளைச் சட்டென்று கொண்டுபோகாது. முழுசாகக் குணமும் ஆகாது. மாத்திரை இருக்கிறது, நல்ல மாத்திரை. எதற்கும் ஸ்பெஷலிஸ்ட் பார்த்துத்தான் முடிவாகச் சொல்ல வேண்டும்.

அவர் இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் நோய் மேல் இல்லை.

"நான் மகளுக்குக் கடுதாசி எழுதுனேன். நீ அத ரிப்போர்ட் மாதிரி அளந்து பாத்திருக்க."

"இல்லப்பா." காமினி தாள்களின் மேல் கையை வைத்தாள். "பதினாறு மாசம் மகளாத்தான் படிச்சேன். படிச்சு சிரிச்சேன். டாக்டரா ஒரு நாள் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அம்மா எழுதுனது, நீங்க எழுதுனது, குகன் எழுதுனது, எல்லாமே அதுல இருந்துச்சு. நான்தான் பாக்கல."

லோகேஸ்வரன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை கீழே வேன் கழுவும் சத்தம் கேட்டது. காமினி இறங்கிப் போனாள். அப்பா இடது கையால் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, உட்காரச் சொன்னார்.

"ஒரு விஷயம் உங்கம்மாட்டகூடச் சொல்லல. ரெண்டு மாசம் முன்னாடி, ஜாலான் பேராக் டிராஃபிக் லைட்டுல பிரேக் போடணும். காலப் போகச் சொல்றேன், கால் போகல. ஒரு செகண்டுதான். அப்புறம் போச்சு. முன்னாடி இருந்த காடிக்கு இவ்வளவுதான் கேப்பு." அவர் விரல்களால் காட்டினார். "யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா பின்னால பதினோரு பிள்ளைங்க, காமினி. பாட்டு பாடிக்கிட்டு வருதுங்க."

"ஏன்பா யார்ட்டயும் சொல்லல?"

"வயசாச்சுன்னு நெனச்சேன். அம்பத்தெட்டு ஆவுதே. அதுக்கப்புறம் ரொம்ப மெதுவாத்தான் ஓட்டுனேன்." துணியைப் பிழிந்தார். "நேத்து நீ சொன்னப்ப கோவம் உன்மேல இல்ல மா, என்மேலதான். நீ கண்டுபிடிக்கலன்னா நான் திங்கக்கிழமையும் அதுங்கள ஏத்தியிருப்பேன். அதான்."

அவள் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது, பிடியில் லேசாக நடுங்கியது. அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானமே லோகேஸ்வரன் இஸ்மாயிலைத் தேடிப் போனார். இஸ்மாயிலும் ஸ்கூல் வேன் ஓட்டியவர்தான். அவருடைய பழைய வண்டி போன மாதம் இன்ஜின் போய்ப் படுத்துவிட்டது. சூலியா தெருவில் அண்ணன் வைத்திருக்கிற பணமாற்றுக் கடையில் பொழுதுபோகாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாளைலேருந்து நீ என் வேன எடு" என்றார் லோகேஸ்வரன்.

விஷயத்தைக் கேட்ட இஸ்மாயில் ஒரு ஸ்டூலை இழுத்து அவரை உட்காரவைத்தார். பிறகு, "எடுக்குறேன் லோகா. ஆனா எந்தப் பிள்ளை எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது. நீ கூட வா" என்றார்.

"லிஸ்டு எழுதித் தரேன்."

"லிஸ்டு எனக்கு வேணாம். மூணு ஃபிளாட்டு ஒரே கலரு, எது எதுன்னு நான் எப்படிக் கண்டேன்? நீ வந்தா எடுக்குறேன். இல்லன்னா வேற ஆளப் பாரு."

செவ்வாய்க்கிழமை ஸ்பெஷலிஸ்ட். டாக்டர் ஷாருல் காமினியின் பயிற்சிக் காலத்தில் அவளுக்கு மேலதிகாரி. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். வராந்தாவில் நடந்து திரும்பச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். ஒரு தாளைக் கொடுத்து எதையாவது எழுதச் சொன்னார். லோகேஸ்வரன் தயங்கிவிட்டு, 'அன்பு மகள் காமினிக்கு அப்பா எழுதுவது' என்று தமிழில் எழுதினார். கடைசிச் சொல்லைப் படிக்க முடியவில்லை.

காமினி நினைத்ததுதான். ஆரம்பக் கட்டம் என்றார் டாக்டர் ஷாருல். சீக்கிரம் வந்தது நல்லது என்றும் சொன்னார். மாத்திரை எழுதிவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றி மலாயில் மெதுவாக ஆரம்பித்தார். லோகேஸ்வரன் கையைத் தூக்கி நிறுத்தினார். "டா பெர்ஹெந்தி, டாக்டர். நேத்தே நிறுத்திட்டேன்."

டாக்டர் ஷாருல் காமினியை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது குகன்தான் கார் ஓட்டினான். பின்னால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காமினி, "நான் பினாங்குக்கே மாத்தல் கேட்டு எழுதப் போறேன்" என்றாள்.

"வேணாம்" என்றார் அப்பா, முன்னால் இருந்தபடி.

"அப்பா..."

"அங்க எத்தனை டாக்டர் இருக்கீங்க?"

"ஆறு பேரு."

"ஒருத்தர் கொறஞ்சா அஞ்சு பேரு. இங்க எனக்கு ஆஸ்பத்திரி அரை மணி நேரம். அங்க உள்ளவனுக்கு?" அவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு இன்னும் எட்டு மாசம்தான். முடிச்சிட்டு வா. அது வரைக்கும் உங்கம்மா மாத்திரை குடுக்க மாட்டாளா?"

"குடுப்பேன். எண்ணிக் குடுப்பேன்" என்றாள் வள்ளிநாயகி. அவள் கணவனின் தோளைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

காமினி சபாவுக்குத் திரும்பினாள். இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அதில் அம்மாவின் எழுத்து மட்டும்தான், முழுத் தாளுக்கு: அப்பா மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறார், முதலில் குமட்டியது, இப்போது இல்லை, நடை பரவாயில்லை. அடுத்த கடிதமும் அம்மாவுடையது. அப்பா ஒரு வரிகூட எழுதவில்லை. 'எழுதச் சொன்னா நோட்டை எடுக்குறாரு, வச்சிடுறாரு. நீ எழுத்தை அளப்பேன்னு வெக்கம்' என்று அம்மா எழுதியிருந்தாள்.

அப்பாவின் முப்பத்தோரு கடிதங்களில் ஒன்றுக்குக்கூடத் தான் பதில் எழுதியதில்லை என்பது காமினிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. போனில் பேசினால் போதும் என்று இருந்துவிட்டாள். சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தாள். ஸ்டாண்டர்ட் சிக்ஸுக்குப் பிறகு அவள் தமிழில் எழுதியதே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் யோசித்து வந்தது.

'அன்பு அப்பாவுக்கு காமினி எழுதுவது. நான் சாப்பிட்டேன், மேகி மீ நூடுல்ஸ் தான். இன்று ஒரு அம்மா நான்கு மணி நேரம் மலையில் இருந்து நடந்து வந்தார். வயிற்று வலி. கையில் ஒரு அன்னாசிபழம் எனக்கு. அதை தூக்கி கொண்டு நடந்ததால் தான் வலி என்று அவர் மகன் திட்டுகிறான். வலி பித்தப்பை கல். பழம் நல்ல இனிப்பு. அப்பா, என் பிழைகளை நீங்கள் எண்ணாதீர்கள். உங்கள் எழுத்தை நான் அளக்க மாட்டேன்.'

பதில் பதினோரு நாளில் வந்தது. தாளின் மேல் பாதியில் அப்பா. எழுத்து முதல் கடிதத்தின் அளவுக்கு இல்லை. ஏப்ரல் மாதத்து எறும்பும் இல்லை. காமினி அதற்கு மேல் அதைப் பார்க்கவில்லை, படிக்க ஆரம்பித்தாள்.

'அன்பு மகள் காமினிக்கு அப்பா எழுதுவது. உன் கடிதத்தை உன் அம்மாவும் நானும் சேர்ந்துதான் படித்து முடித்தோம். டாக்டர் எழுத்து என்று சொல்வார்களே, அது தமிழிலும் அப்படித்தான் இருக்கிறது. இஸ்மாயில் வேனை நன்றாக ஓட்டுகிறான். ஆனால் வழி ஒன்றும் தெரியாது. நேற்று ஒரு பிள்ளையை வேறு ஃபிளாட்டில் இறக்கிவிடப் பார்த்தான். நல்ல வேளை நான் இருந்தேன். நான் இப்போது கதவுப் பக்கம் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். ஸ்டியரிங்கை விட்டு ஏன் இங்கே வந்துவிட்டீர்கள் அங்கிள் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது. என் கை கொஞ்சம் சோம்பேறி ஆகிவிட்டது என்றேன். உடனே அது என் கையைப் பிடித்து, நன்றாக உலுக்கிவிட்டது. இறங்குகிற வரைக்கும் விடவில்லை.'

கீழே அம்மா: 'கையைப் பிடிச்ச கதையை நாலு தடவ சொல்லிட்டாரு. ராத்திரி உதைக்கிறது கொறஞ்சிருக்கு. நான் கட்டிலுக்கு வந்துட்டேன். மேகி மீ சாப்பிடாத.'

குகனுக்குத் தாளில் இடம் இல்லை. உறையின் பின்பக்கம் எழுதியிருந்தான்: 'அக்கா, அன்னாசிப்பழத்துல ப் வரும் லா.'

காமினி சத்தமாகச் சிரித்துவிட்டாள். கேன்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தட்டை நகர்த்திவிட்டு, பேனாவை எடுத்து, தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தாள்.